எடுத்துவிட்ட வரி

அந்தப் பகுதியில் மைக் அக்காவின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. தண்ணீர் வராத நாள், செருப்புக் கடைத் தள்ளுபடி, காணாமல் போன நாய், கண் சிகிச்சை முகாம் என்று எல்லாச் சேதியும் அவள் வாயிலிருந்துதான் தெருவுக்குப் போகும். காய்கறிக் கடையில் "அரைக் கிலோ தக்காளி" என்று அவள் சொன்னால், பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பிப் பார்த்து, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று முழிப்பார். அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. இருக்காதா பின்னே?

குரல் அவளுடையது, வண்டி அவள் கணவனுடையது. மேற்கூரையில் முன்னும் பின்னுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய பழைய மூன்று சக்கர வண்டி அது. ஒலிப்பதிவுக் கூடம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டது வீட்டின் பின்பக்க அறையைத்தான். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். பேசும்போது ஃபேன் போடக் கூடாது, இரைச்சல் பதிவாகிவிடும். ஒரு தள்ளுபடி விளம்பரம் பேசி முடித்து வெளியே வந்தால் தொப்பலாக நனைந்திருப்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு கணக்கு இருந்தது. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். ஆனாலும் ஒரு வீட்டைக் கடக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்காரர் காதில் விழுவது ஒரு வாக்கியம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்குள் சொல்லி முடிக்காவிட்டால் பாதிச் சேதி இந்த வீட்டுக்கும் மீதிச் சேதி அடுத்த வீட்டுக்கும் போய், இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. ஆகவே யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் மைக் அக்கா அதை வெட்டுவாள். 'குழாய்ப் பராமரிப்புப் பணிகளை முன்னிட்டு' என்று ஆரம்பிக்கிற அரைப்பக்கத்தை "நாளைக்குத் தண்ணீர் வராது" என்று முடித்துவிடுவாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரத்துக்கு எழுதிக்கொண்டு வந்ததையும் அப்படித்தான் வெட்டினாள். செலவைக் குடியிருப்போர் சங்கம் ஏற்றுக்கொண்டதால் சங்கத் தலைவரும் கூடவே வந்திருந்தார். நர்ஸ் எழுதியதில் ஒரு வரி அவருக்குத் தொண்டையில் சிக்கியது. 'குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. உறவினராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பாடம் சொல்லித்தருபவராகவும் இருக்கலாம்.'

"இதெல்லாம் வேணாம்மா," என்றார் தலைவர். "குடும்பத்துக்குள்ள குழப்பம் வந்துடும். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாப் பாப்பாங்க."

"உண்மை அதுதானே சார்?" என்றாள் நர்ஸ்.

"உண்மைதான். அதை ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே சொல்லணுமா? முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லுவோம். யாருக்கும் மனசு நோகாது."

மைக் அக்காவின் கணவன் பேச்சில் புகுந்து, "எப்படியும் அந்த வரி நீளம் மேடம். ரெண்டு வீடு தாண்டிடும்," என்றான்.

நர்ஸ் மைக் அக்காவைப் பார்த்தாள். மைக் அக்கா அந்த வரியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஆமாம், நீளம்தான். "அடுத்த தடவை சேத்துக்கலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பேசினாள். முன்பின் தெரியாதவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தெரியாதவர் தொட வந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். அத்தனை கச்சிதமாக இருந்தது. இரண்டு வாக்கியமும் வீட்டுக்கு ஒன்றாகப் பொருந்திப் போயின.

வாரம் முழுக்க வண்டி சுற்றியது. செருப்புத் தள்ளுபடி என்றால் கையில் பையோடு வாசலுக்கு ஓடிவருகிற ஜனங்கள் இதைக் கேட்டதும் ஜன்னலைச் சாத்தினார்கள். தெருக்குழாயில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டியை நிறுத்தியே கேட்டாள், "பிள்ளைங்க விளையாடற இடத்துல இந்தக் கண்றாவியெல்லாம் பேசிட்டுப் போறீங்களே, நல்லா இருக்கா?" பிள்ளைகளுக்கானதைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பேசாமல் வேறெங்கே போய்ப் பேசுவது? மைக் அக்காவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத நாள் வந்தது. மகளைத் தனியாக விட முடியாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற சின்னப் பெண் அவள், வீட்டில் பாப்பா. மற்ற நாளென்றால் பள்ளி விட்டதும் அவளைக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கணவனின் அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அக்கா சலவைக் கடையில் இஸ்திரி வேலைக்குப் போய்விட்டு இருட்டும்போதுதான் வருவாள். அவளுடைய புருஷன் பேட்டரிக் கடைக்காரர், கடையும் வீடும் ஒன்றே. வண்டிக்குப் பேட்டரி சார்ஜ் ஏற்றித் தருவதும் அவர்தான், பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அவர்தான். கேட்காமலே உதவி செய்கிற மனிதர். அன்றைக்கு மட்டும் சரக்கு எடுக்கக் காலையிலேயே கிளம்பிவிட்டார். 'அண்ணன் மட்டும் இல்லேன்னா நாம தெருவுலதான் நிக்கணும்' என்று மைக் அக்காவே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பாப்பா அம்மா மடியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் அம்மாவின் குரலே முழங்குவதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் திரும்பி ஏதோ சொன்னாள்.

"என்னடி? கேக்கல."

பாப்பா மறுபடியும் சொன்னாள். 'தெரியாதவர் தொட வந்தால்' என்று ஸ்பீக்கர் கத்தியது.

"கத்திச் சொல்லு!"

"தெரிஞ்சவங்க தொட்டா சொல்ல வேணாமாம்மா?"

மைக் அக்கா கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள்.

"இன்னும் மூணு தெரு இருக்கு. தலைவர் மாடியிலேர்ந்து பாத்துட்டிருக்காரு."

பாப்பாவின் உதடுகள் அசைந்தன. மைக் அக்காவுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. பெற்ற பிள்ளை சொல்வதைக் கேட்க விடாமல் தன் குரலே தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. காலடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினாள்.

தெரு அமைதியாகிவிட்டது. அதுவரை சாத்தியிருந்த ஜன்னல்கள் இரண்டு மூன்று திறந்தன. என்னவாயிற்று என்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"யாரும்மா?" என்று பாப்பாவின் காதருகே கேட்டாள்.

"அத்தை வீட்டு மாமா."

"என்ன பண்ணாரு?"

பாப்பா சொன்னாள். சின்னச் சின்னச் சொற்களாக, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தப்பர்த்தம் பண்ணிக்கொள்ள அதில் இடமே இல்லை. கடைசியில், "அவரு தெரிஞ்சவருதானேம்மா, அதான் சொல்லல," என்றாள்.

கணவன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். முன்கண்ணாடியையே பார்த்தான். பிறகு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்று குனிந்து ஒயரைத் திரும்பச் செருகினான். மீதித் தெருக்களுக்கும் அவள் குரல் சொல்லிக்கொண்டே போனது, தெரியாதவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவுக்குச் சோறும் முட்டையும் போட்டு உள்ளே உட்காரவைத்துவிட்டு மைக் அக்கா வெளியே வந்தாள். கணவன் ஸ்பீக்கர் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அது துடைக்க வேண்டிய நிலையிலேயே இல்லை.

"பாப்பா ஏதோ தப்பாப் புரிஞ்சிட்டிருக்கும்," என்றான்.

"எதை?"

"அத்தான் பாசமா தூக்கி வெச்சிருப்பாரு. அதைப் போய்..."

"நீங்க அவகிட்ட கேட்டீங்களா?"

"என்னன்னு?"

"என்ன நடந்துச்சுன்னு."

"சின்னப் புள்ளகிட்ட அதையெல்லாம் எப்படிக் கேக்கறது?"

"கேக்காமலே தப்பாப் புரிஞ்சிடுச்சுன்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

துணியை உதறி மடித்தான். "டீ குடிச்சிட்டு வரேன்," என்று கிளம்பினான். இந்த உலகத்தில் எந்த இடி விழுந்தாலும் ஆம்பளைக்குப் போய் நிற்க ஒரு டீக்கடை இருக்கிறது.

நர்ஸுக்குப் போன் போட்டாள். நர்ஸ் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள்.

"அவ சொன்னதை நம்புறேன்னு அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

"முதல்ல அதைச் சொல்லு. அவ மேல தப்பே இல்லைன்னு சொல்லு. ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டு நோண்ட விடாதே. அந்த ஆள்கிட்ட யாரும் போய்ப் பேசவும் வேணாம், சண்டையும் வேணாம். நேரா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வா. நான் அங்க இருக்கேன். டாக்டரையும் பாத்துடலாம்."

"மேடம், அந்த வரியை நான்தான்..."

"அதை அப்புறம் அழுதுக்கலாம். இப்பக் கிளம்பு."

மைக் அக்கா உள்ளே போனாள். பாப்பா முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கியிருந்தாள். "பாப்பா, நீ சொன்னதை அம்மா நம்பறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. அம்மாகிட்ட சொன்னியே, நீ நல்ல பொண்ணு," என்றாள்.

"அப்பா?" என்று கேட்டாள் பாப்பா.

மைக் அக்கா தட்டை எடுத்தாள். "கையைக் கழுவிட்டு வா, வெளியே போறோம்," என்றாள்.

கிளம்புவதற்குள் அண்ணி வந்துவிட்டாள். கணவனின் அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சலவைக் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், இஸ்திரிச் சூட்டில் முகம் சிவந்து கிடந்தது. அவளுக்குப் பின்னால் தம்பி, தம்பிக்குப் பின்னால் சங்கத் தலைவர். டீக்கடைக்குப் போனவன் எங்கெங்கே போயிருக்கிறான் என்று அப்போது விளங்கிற்று.

"ஒரு யோசனை கேக்கலாம்னுதான்..." என்று இழுத்தான்.

மைக் அக்கா பாப்பாவை உள்ளே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்ந்த புள்ள," என்று ஆரம்பித்தாள் அண்ணி. "தினம் தினம் ஸ்கூல்லேர்ந்து தூக்கிட்டு வந்து பாத்துக்கிட்ட மனுஷனுக்கு இதுதான் மரியாதையா?"

"அண்ணி, பாப்பா சொன்னது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்குத் தெரிய வேணாம். எல்லாம் உன் மைக்கால வந்த வினை. ஒரு வாரமா தொடாதே தொடாதேன்னு தெருத் தெருவா கத்தினா எந்தப் புள்ளைக்குத்தான் மனசு கெடாது? நீயே சொல்லிக்குடுத்துட்டு இப்ப அது சொல்லுதுங்கற."

"நான் சொல்லிக்குடுத்தது தெரியாதவங்களைப் பத்தி. அவ சொல்றது உங்க புருஷனைப் பத்தி. நான் சொன்னதுலேர்ந்து இது எப்படி அண்ணி வரும்?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுத்த நிமிஷம் குரல் உடைந்து வந்தது. "நாலு பேர் காதுல விழுந்தா என்னாகும்னு யோசிச்சியா? கடையை மூடிடுவாங்க. நான் எங்க போய் நிப்பேன்?"

"நாலு பேர் காதுல விழுந்தா என்னாகும்னு ஒரு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஜன்னலைச் சாத்துவாங்க. வேற ஒண்ணும் ஆகாது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா. கோபம் நியாயம்தான். ஆனா போலீசு கீலீசுன்னு போனா புள்ள பேருதான் கெடும். நான் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கண்டிச்சு வைக்கிறேன். இனிமே அங்க அனுப்பாதீங்க, முடிஞ்சுது. நாளைக்கு நிறைவு விழா வேற இருக்கு, நீதான் மைக் பிடிக்கணும்."

"என்ன விழா?"

"நம்ம விழிப்புணர்வு வார விழாதான்."

மைக் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. "நான் பாப்பாவை அனுப்பலேன்னா அந்த ஆளு வேற புள்ளையைக் கூப்பிட மாட்டாருன்னு எழுதித் தருவீங்களா சார்? அதே தெருவுல எத்தனை புள்ளைங்க இருக்கு! இந்த விஷயத்துல கெட்டுப்போறதுக்கு எங்க பாப்பாவுக்குப் பேரு ஒண்ணுதான் பாக்கியா?"

தலைவர் கணவனைப் பார்த்தார். கணவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி சுவரைப் பார்த்தாள். அத்தனை பேர் அங்கே நின்றார்கள், உள்ளே இருக்கிற குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. சுவரோடு முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. பேசிப் பேசி நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

கதவைத் திறந்து பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். வண்டி எடுத்தா வண்டி. இல்லேன்னா நடந்து போறோம்," என்றாள்.

"போகாதேடி," என்று அண்ணி அவள் முழங்கையைப் பிடித்தாள். பாப்பா அத்தையை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் மறுபக்கத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டாள். அண்ணியின் பிடி தானாகத் தளர்ந்தது.

தெருமுனைக்குப் போவதற்குள் பின்னாலேயே வண்டி வந்து நின்றது. கணவன் ஏறச் சொல்லவில்லை, ஏறக் கூடாதென்றும் சொல்லவில்லை. ஏறிக்கொண்டார்கள். மேகம் கூடி இருட்டிக்கொண்டு வந்தது, மழைதான் வரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஒரு காவலர் கையை நீட்டி மறித்தார். "ஸ்பீக்கர் கட்டின வண்டி இங்க நிக்கக் கூடாது. அந்தப் பக்கம் போடு." அதற்கு ஒரு பேச்சு, அதற்கு ஒரு பதில். உள்ளே போனால் முன்மேசைக்காரர் அவள் வாயைத் திறந்ததுமே முகம் மலர்ந்தார்.

"அட, தண்ணி வராதுன்னு சொல்றது நீங்கதானா? குரலைக் கேட்டதும் கண்டுபிடிச்சிட்டேன். என்ன தொலைஞ்சுது?"

"தொலையல சார். குழந்தை விஷயமா புகார்." விஷயத்தைச் சுருக்கிச் சொன்னாள். அதுதானே அவள் தொழில்.

அவர் முகத்துச் சிரிப்பு அணைந்தது. "ஆளு யாருன்னு தெரியுமா? ஏதாவது அடையாளம்?"

"அடையாளம் எதுக்கு சார்? இவரோட அக்கா புருஷன்."

அவர் எழுந்து வாசலில் நின்ற கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப வீட்டுப் பெரியவங்களை வெச்சுப் பேசிப் பாத்தீங்களா?" என்றார்.

மைக் அக்காவுக்குப் பொறுமை எல்லை தாண்டிவிட்டது. அவள் கத்தவில்லை. வண்டியில் பேசுகிற அதே நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துச் சொன்னாள், "பெரியவங்க பேசினதெல்லாம் போதும் சார். புள்ள பேசறதைக் கேக்கறவங்க யாராவது இங்க இருந்தா கூப்பிடுங்க." கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்தாள். கூடவே சீருடை போடாத ஒரு பெண் அதிகாரி. பாப்பாவை உள்ளே அழைத்துப்போய், தண்ணீர் கொடுத்து, அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்தாள். கணவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை.

"பயப்படாதே கண்ணு. என்ன சொல்லணுமோ சொல்லு," என்றாள் அதிகாரி.

பாப்பா மெல்ல வாயசைத்தாள். வெளியே ஏதோ லாரி போனது.

"கேக்கலையே. கொஞ்சம் சத்தமா சொல்றியா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள்.

"அவ மெதுவாத்தான் சொல்லுவா மேடம்," என்றாள் மைக் அக்கா. "நீங்க கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க."

அதிகாரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, பாப்பாவின் முழங்காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து முன்னால் குனிந்தாள்.

பாப்பா சட்டை ஓரத்தை விரலில் சுருட்டினாள். "முதல்லேர்ந்து சொல்லணுமா, இல்ல இந்த வருஷம் நடந்தது மட்டும் போதுமா?" என்று கேட்டாள்.

இந்த வாரத்தையும் அந்த வரியையும் நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தவள் மைக் அக்கா. அதற்கும் முன்னால் ஒரு வருஷம் இருந்ததா? எத்தனை வருஷம்? ஒவ்வொரு சாயங்காலமும் 'மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு' என்று தானே அந்தப் பிள்ளையைச் சொல்லவைத்தது நினைவுக்கு வந்தது.

வாசலில் நின்றவன் உள்ளே வந்தான். உட்கார நாற்காலி இருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை. பாப்பாவின் காலடியில் வெறும் தரையில் உட்கார்ந்தான்.

"முதல்லேர்ந்தே சொல்லு பாப்பா," என்றான். "அப்பா கேக்கறேன்."